பின்னால் கொழுவும் இடம்

களுதாவளையில் மரக்கறி மூட்டை ஏற்றுகிற நேரத்தில் லான்ட்மாஸ்டர் என்று நாங்கள் சொல்கிற இரு சில்லு உழவு மிசின் ஒன்றின் பின்பக்கம் குந்திப் பாருங்கள். எஞ்சினையும் மாட்டுக் கொம்புபோல நீண்ட இரண்டு கைபிடிகளையும் எல்லாரும் பார்த்திருப்பார்கள். நான் சொல்வது கைபிடிகளுக்குக் கீழே, கியர்ப் பெட்டியின் பின்புறத்தில், கிரீஸும் மணலும் அப்பிக் கிடக்கிற ஒரு சிறிய இரும்பு வாய். மேலுதட்டில் ஒரு துளை, கீழுதட்டில் ஒரு துளை. மூட்டை ஏற்றுகிற பாரப்பெட்டியின் நீண்ட இரும்புக்கால் அந்த வாய்க்குள் நுழையும். மேலிருந்து பெருவிரல் தடிப்பில் ஒரு பின் இறங்கும். பின்னின் அடியில் கழராமல் இருக்க ஒரு சின்ன ஊசி. அந்த ஊசி தொலைந்துபோன மிசின்களில் முறுக்கிய கம்பித் துண்டு.

முழு இயந்திரத்திலும் மிக எளிய பாகம் அதுதான். ஆனால் அதைக் கழற்றிவிட்டால் லான்ட்மாஸ்டர் பாதி வண்டி. இரண்டே சில்லு என்பதால் தானாக நிற்கவும் முடியாது. முன்னால் ஒரு தாங்கு கம்பியை இறக்கிவிட வேண்டும். பெட்டி கொழுவினால் லொறி, கலப்பை கொழுவினால் ஏர், பெல்ட்டை மாற்றிப் போட்டால் தண்ணீர் இறைக்கும் எஞ்சின். அது என்ன இயந்திரம் என்பதைத் தீர்மானிப்பது எதைக் கொழுவுகிறோம் என்பதுதான்.

மாட்டைப் ‘பூட்டுவோம்’, பெட்டியைக் ‘கொழுவுவோம்’. இரண்டு சொல்லுக்கும் பின்னால் இருக்கிற வேலை ஒன்று: இழுப்பவனின் பலத்தை இழுபடுவதிடம் சேர்ப்பது. பழைய மர ஏரில் நுகத்தடியும் ஏர்க்காலும் அதைச் செய்தன. நுகத்திலிருந்து கொழு மண்ணைக் கிழிக்கிற இடம்வரை மனதுக்குள் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். மாட்டின் பலம் அந்தக் கோட்டில்தான் ஓடுகிறது. ஏர்க்காலை நுகத்தோடு பிணைக்கிற இடத்தை ஒரு சாண் முன்னேயோ பின்னேயோ மாற்றினால் கலப்பை மேலோடும் அல்லது ஆழப் புதையும். கயிற்றை அவிழ்த்துக் கட்டியே உழவின் ஆழத்தை மாற்றிய அந்த அறிவுதான் பிற்காலத்தில் துளைகளாகவும் பின்களாகவும் இரும்பில் வந்தது. பெரிய ட்ராக்டருக்கு ஹாரி ஃபெர்கசன் 1920களில் மூன்று புள்ளி இணைப்பைக் கண்டுபிடித்ததும் இதே கோட்டைப் பிடித்துத்தான்.

நடந்து ஓட்டுகிற சிறிய மிசினின் கதை வேறு இரண்டு மூலைகளில் தொடங்கியது. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் டன்பார் என்ற ஊரில் பெஞ்சமின் ஃபிராங்ளின் கிரேவ்லி என்ற புகைப்படக்காரர், ‘இந்தியன்’ மோட்டார் சைக்கிளின் பாகங்களைக் கைக்கலப்பை ஒன்றில் பொருத்தி 1916இல் காப்புரிமை பெற்றார். அவரது மிசினுக்குப் புல்வெட்டி, பனி அள்ளி, கலப்பை என்று கருவிகள் பெருகிக்கொண்டே போயின. அவற்றில் பல முன்னால் பூட்டப்பட்டன.

அவுஸ்திரேலியாவின் கில்கண்ட்ரா பக்கத்தில் ஆர்தர் கிளிஃபர்ட் ஹாவர்ட் என்ற இளைஞர் 1912இல் கேட்ட கேள்வி இன்னும் ஆழமானது. கலப்பையை ஏன் இழுக்க வேண்டும்? எஞ்சினிடம் இருப்பது சுழற்சி; அந்தச் சுழற்சியையே மண்ணுக்குக் கொடுத்தால் என்ன? முதலில் வட்டத் தகடுகளைச் சுழற்றிப் பார்த்தார். மண் பக்கவாட்டில் தெறித்தது. பிறகு ‘எல்’ எழுத்துப்போல மடித்த கத்திகளை வைத்தார். மண் நின்ற இடத்திலேயே பொடியானது. 1920இல் காப்புரிமை கிடைத்தது. இன்றைக்கு நாம் ரோட்டரி என்று சொல்கிற சுழல் கலப்பையின் தகப்பன் அது.

இந்த இடத்தில் கொழுவுவதன் பொருளே மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும். இழுபடும் கலப்பைக்கு ஒரு பின் போதும். வளைவில் அது கொஞ்சம் ஆடினாலும் நல்லதே. சுழல் கலப்பைக்கோ ஆட்டமே கூடாது. கியர்ப் பெட்டியின் முதுகில் இறுக்கமாக போல்ட் போட்டுப் பூட்டி, உள்ளிருந்து சுழற்சியை வாங்கி, பக்கத்துச் சங்கிலியால் கத்தித் தண்டுக்கு அனுப்ப வேண்டும். கத்திகள் சில்லைவிட வேகமாக, அதே திசையில் சுழல்வதால் மண்ணைக் கொத்தும்போதே மிசினை முன்னே தள்ளுகின்றன. இறுகிய தரையில் ரோட்டரி போட்டவர்களுக்கு அந்தத் தள்ளல் தோளில் தெரிந்திருக்கும். மிசின் கையை விட்டு ஓடப் பார்க்கும்.

இலங்கைக்கு இந்தக் கதை வந்தது ரே விஜேவர்தன மூலமாக. கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர், விமானம் ஓட்டியவர், 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் இலங்கைக்காகக் கலந்துகொண்டவர். 1950களில் அவர் சிறு விவசாயிக்கென்று உருவாக்கிய இரு சில்லு உழவு மிசினை இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமைச் சேர்ந்த லான்ட்மாஸ்டர் கம்பெனி செய்து பல நாடுகளில் விற்றது. கம்பெனியின் பெயர் மிசினின் பெயரானது. பின்னர் ஜப்பானிலிருந்து குபோட்டாவும் யன்மாரும் வந்தன. அதன் பின்னர் சீனத்து மிசின்கள் வந்தன. எது வந்தாலும் நம் வாயில் அது லான்ட்மாஸ்டர்தான்.

எங்கள் நிலத்தின் அமைப்பைச் சொன்னால்தான் இங்கே அது ஏன் இப்படி ஒட்டிக்கொண்டது என்பது விளங்கும். கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கிற மணல் நிலம் எழுவான்கரை. களுதாவளை அங்கே இருக்கிறது. வெற்றிலை, கத்தரி, மிளகாய், வெங்காயம் என்று கிணற்று நீரில் பயிர் செய்கிற ஊர். வாவிக்கு அப்பால் படுவான்கரை. அங்கே களி மண், வட்டை, நெல். இங்கே வீடும் அங்கே வயலுமாக வாழ்கிறவர்கள் ஏராளம். ஒரே மிசின் ஒரு நாள் மணலிலும் அடுத்த நாள் சேற்றிலும் வேலை செய்ய வேண்டும். இடையில் பட்டிருப்புப் பாலத்தையும் கடக்க வேண்டும்.

சேற்றுக்குள் ரப்பர் டயர் வழுக்கும். அதனால் டயரைக் கழற்றிவிட்டோ, அதன் அருகிலேயோ இரும்புச் சில்லைப் பூட்டுவார்கள். வளையங்களுக்கு இடையில் குறுக்குத் தகடுகள் வைத்த கூடு அது. தகடு ஒவ்வொன்றும் சேற்றை மிதித்து, புல்லை அமுக்கி, அதையே பிடிமானமாக்கி முன்னே போகும். முன்பு எருமைக் கூட்டத்தை வயலுக்குள் வளைத்து வளைத்து ஓட்டிச் சேறாக்கிய வேலையை இந்த இரண்டு சில்லும் செய்கின்றன. தாய்லாந்தில் இந்த மிசினுக்கு ‘இரும்பு எருமை’ என்றே பெயர் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஆனாலும் உழவு வருடத்தில் சில கிழமைகள்தான். மிச்ச நாளெல்லாம் மிசினுக்குச் சோறு போடுவது பெட்டி. இதைப்பற்றி நான் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லத்தான் வேண்டும்.

பெட்டி கொழுவியதும் ஓட்டுபவர் மிசினின் பின்னால் நடப்பதை நிறுத்திவிட்டுப் பெட்டியின் முன்பலகையில் ஏறி உட்காருகிறார். கை மிசினில், உடம்பு பெட்டியில். நடுவில் இருக்கிற அந்தப் பின்தான் இடுப்பு. மிசின் இடம் வலமாகத் திரும்பும்போது பின்னைச் சுற்றித் திரும்புகிறது. ஒரு சில்லு குழிக்குள் இறங்கி மிசின் சரிந்தால் பெட்டியும் கூடச் சரியக்கூடாது. அதற்காக நல்ல பெட்டிகளில் அந்த இரும்புக்கால் தன் அச்சிலேயே சுழலும்படி ஒரு வளையத்துக்குள் வைக்கப்பட்டிருக்கும்.

மூட்டை அடுக்குவதிலும் கணக்கு இருக்கிறது. பாரத்தைச் சற்று முன்னுக்கு வைத்தால் இரும்புக்கால் அந்த வாயை அமுக்கும்; அந்தப் பாரம் மிசினின் சில்லுகளுக்குப் போய், மணலில் பிடிமானம் தரும். அளவுக்கு மீறி முன்னுக்கு ஏற்றினால் எஞ்சின் பக்கம் எழும்பும். எல்லாவற்றையும் பின்னுக்கு ஏற்றினாலோ இரும்புக்கால் மேலே தூக்கி, எஞ்சினின் மூக்கு தரையைப் பார்க்கும், சில்லு சும்மா சுற்றும். நெல் ஏற்றுகிற பெடியன்கள் இதை ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே செய்வதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மூட்டை முன்னுக்கு, பிறகு கைபிடியை ஒருமுறை அமுக்கிப் பார்ப்பார்கள். அந்தக் கைதான் தராசு.

அடுத்தது இறக்கம். லான்ட்மாஸ்டரைத் திருப்ப, கைபிடிக்குக் கீழே இரண்டு சிறிய பிடிகள் உண்டு. இடப்பக்கப் பிடியை அமுக்கினால் இடச் சில்லுக்குப் போகிற எஞ்சின் பலம் துண்டிக்கப்படும். வலச் சில்லு தள்ள, மிசின் இடப்பக்கம் திரும்பும். சமதரையில் சரி. இறக்கத்தில் பாரப்பெட்டி பின்னாலிருந்து தள்ளும்போது எஞ்சின் இழுப்பதில்லை, தடுக்கிறது. அப்போது இடப்பிடியை அமுக்கினால், தடையிலிருந்து விடுபட்ட இடச் சில்லு வேகமாக உருளும். மிசின் வலப்பக்கம் போகும். எதிர்த் திசை! எங்கள் பக்கம் தட்டையான பூமி; இறக்கம் என்றால் பாலத்தின் இறக்கமும் குளக்கட்டின் இறக்கமும்தான். அதனால்தான் பழகாதவர்கள் அங்கே ஏமாறுகிறார்கள். தெரிந்தவர்கள் இறக்கத்தில் அந்தப் பிடிகளைத் தொடுவதேயில்லை. சின்னக் கியரில் வேகத்தைக் குறைத்து, பெட்டியின் கால்பிரேக்கை மிதித்து, கைபிடியை உடம்பால் தள்ளியே திருப்புவார்கள்.

சிறுவனாக இருந்தபோது, கம்பித் துண்டை நம்பி ஓடிய ஒரு பெட்டி கல்முனை வீதியில் கழன்றதை நான் பார்த்தேன். இரும்புக்கால் தாரில் குத்தி நின்றது. வெற்றிலைக் கட்டுகள் வீதி முழுக்கச் சிதறின. ஓட்டியவர் முழங்கால் தோல் உரிந்ததோடு தப்பினார். கட்டுகளைப் பொறுக்கித் தந்த முதியவர் ஒருவர் என்னிடம் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: “கம்பிய நம்பாத மனே. ஊசியப் போட்டுட்டு ஏறு. மறுகா பெட்டி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்.”

பெட்டியும் கலப்பையும் இல்லாத நேரத்திலும் அந்த எஞ்சின் சும்மா இருப்பதில்லை. சீன மிசின்களில் படுத்த ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்; அதன் பாரச் சில்லிலிருந்து கியர்ப் பெட்டிக்கு வார்கள் போகின்றன. வாரைக் கழற்றி வேறொன்றுக்கு மாட்டினால் பம்பு ஓடும், சூடடிக்கும் மிசின் ஓடும். களவெட்டியில் மாடுகள் வளைய வந்த இடத்தில் முதலில் டயர்கள் சூடு மிதித்தன, பிறகு வாரில் சுற்றுகிற உருளை நெல்லை உதிர்த்தது. இப்போது வட்டைக்குள்ளேயே வெட்டு மிசின் இறங்கிவிட்டதால் அந்த வேலை குறைந்துவிட்டது.

இனி விஜேவர்தனவுக்குத் திரும்ப வேண்டும். தன் மிசின் உலகெங்கும் ஓடிய பின்னர், தான் இயந்திரமாக்கியது விவசாயத்தை அல்ல, எருமையைத்தான் என்ற முடிவுக்கு அவர் வந்தார். உழுவதே தேவையா என்று கேட்கத் தொடங்கினார். வெப்பநாட்டு மழையில், கிளறிய மண் கரைந்து போகிறது. மூடாக்கு இட்டு, கிளறாமல் விதைக்கலாமே என்றார். 1970களில் நைஜீரியாவின் இபாதானில் உள்ள ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியபோது, உழாத நிலத்தில் குத்திக் குத்தி விதை போட்டுக்கொண்டே உருளும் கைக்கருவியை உருவாக்கினார். 2010இல் அவர் காலமானார். ஊர் ஊராக ஓடிய தன் கண்டுபிடிப்பையே கேள்விக்கு உட்படுத்திய அந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். அவருடைய கேள்வி எழுவான்கரை மணலுக்கு இன்னும் பொருந்தும். களியைப்போல இது சேறாக வேண்டிய மண் அல்ல. கிளறக் கிளற ஈரத்தையும் எருவையும் இழக்கிற மண். இங்கே மிசினின் பின்னால் ஆழக் கத்தி வேண்டியதில்லை, வரிசைக்கு நடுவே புல்லைச் செருக்குகிற மெல்லிய தகடு போதும்.

அப்படியான தகடுகளை எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் செய்து தருகிறார்கள். போன கிழமை ஒரு பட்டறையில் நான் நின்றபோது ஒரு பழைய மிசினின் வாயைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார்கள். பின் ஆடி ஆடி, வட்டத் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தது. வெல்டிங்காரத் தம்பி அதற்குள் ஒரு இரும்புக் குழாயை வைத்து ஒட்டி, சூடு ஆறுமுன்னே பின்னை இறக்கிப் பார்த்தார். இறுகியது. ஒரு தடவை அரம் போட்டார். மறுபடி இறக்கினார். இந்தமுறை பின் தன் பாரத்திலேயே வழுக்கி இறங்கியது. சொந்தக்காரர் மடியிலிருந்து புது ஊசி ஒன்றை எடுத்து அடியில் குத்தினார். மறுநாள் விடிய அவருக்குப் படுவான்கரையில் உழவு இருந்தது.