நம்பிக்கையிழந்தோரும் அயலவரும்

தற்கொலையைப் பற்றிக் கிறிஸ்தவ சமயம் யாது கூறுகின்றது என வினவுவோர் பலர், ‘பாவம்’ என்ற ஒரு சொல்லையே விடையாகப் பெற்றுத் திரும்புகின்றனர். அவ்விடை பிழையன்று, ஆயினும் முழுமையானதன்று.

உயிர் இறைவனின் கொடை. மனிதன் அதன் காவலனேயன்றி உரிமையாளன் அல்லன். இதுவே அச்சமயத்தின் அடிப்படைக் கொள்கை. கொலையை விலக்கும் கட்டளை தன்னுயிருக்கும் பொருந்தும் என ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் புனித அகுஸ்தீன் வாதித்தார். அவ்வாதம் எழுந்த சூழல் கவனிக்கத்தக்கது. 410 ஆம் ஆண்டில் உரோமை நகர் சூறையாடப்பட்டபோது மானபங்கமுற்ற பெண்கள், அதன்பின் உயிரோடிருந்தமைக்காக ஏளனத்துக்கு ஆளாயினர். உள்ளம் இசையாத இடத்திற் கற்புக் கெடுவதில்லை, பிறர் குற்றத்துக்காக அவர்கள் தம்மைத் தண்டிக்க வேண்டுவதில்லை என்று அகுஸ்தீன் எழுதினார். இவ்வாறு வாழ்வோரைத் தாங்க எழுந்த வாதம், பிற்காலத்தில் இறந்தோர்மீது வீசும் கல்லாயிற்று. ஆறாம் நூற்றாண்டிலேயே அவர்களுக்கு இறுதிச் சடங்கு மறுக்கப்பட்டது. இங்கிலாந்தில் 1823 வரை அவர்களை நாற்சந்தியிற் புதைக்கும் வழக்கம் இருந்தது. சவத்தைத் தண்டித்ததனால் யாருக்கு ஆறுதல் கிடைத்தது? பழியைச் சுமந்தவர்கள் பெற்றோரும் பிள்ளைகளுமே.

வேதாகமமோ வேறொரு வழியைக் காட்டுகின்றது. தீர்க்கதரிசியாகிய எலியா, அரசியின் கோபத்துக்கு அஞ்சி வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, தம்முயிரை எடுத்துக்கொள்ளுமாறு இறைவனை வேண்டினார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, உபதேசமும் செய்யவில்லை. தணலிற் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, உண்ணுமாறு எழுப்பினான். அவர் உண்டு மீண்டும் உறங்கினார். மறுமுறையும் அவ்வாறே எழுப்பப்பட்டார். அதன் பின்னரே பயணம் தொடர்ந்தது. பிலிப்பி நகரிற் கைதிகள் தப்பிவிட்டனர் என்றெண்ணித் தன் வாளை உருவிய சிறைக்காவலனைப் பவுல் தடுத்ததும், தாங்கள் யாவரும் அங்கேயே இருப்பதைக் கூவியறிவித்தேயாகும்.

இவ்வுண்மையை அண்மைக் காலத்திற் செயலாக்கிக் காட்டியவர் ஆங்கிலிக்கன் குருவான சாட் வாரா. 1935 இல் அவர் நடத்திய முதல் நல்லடக்கம், பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியினுடையது. பூப்பெய்தியதை ஏதோ கொடிய நோயென்று அஞ்சி, கேட்டறிய ஒருவருமின்றி அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். 1953 இல் இலண்டனிலுள்ள புனித ஸ்தேவான் ஆலயத்தில், துன்புற்றோர் தொலைபேசியிற் பேசுவதற்கு அவர் ஒழுங்கு செய்தார். நேரில் வந்து காத்திருப்போர்க்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத் துணையாயிருக்கச் சாதாரண மக்கள் சிலர் முன்வந்தனர். வந்தவர்களுட் பலர், இவர்களிடம் மனந்திறந்து பேசியபின் குருவைக் காணவேண்டிய தேவையின்றியே திரும்பினர். அதனைக் கண்ட வாரா, 1954 இல் அப்பணியை அத்தொண்டர்களிடமே ஒப்படைத்தார். குருத்துவப் பெருமை இடங்கொடாத செயல் அது. ‘சமாரித்தர்’ என்னும் அவ்வியக்கம் எவருக்கும் மதம் போதிப்பதில்லை. செவிகொடுப்பதே அதன் தொழில்.

திருச்சபைச் சட்டமும் மெல்ல இளகிற்று. 1983 இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சட்டத் தொகுப்பில், தற்கொலை செய்தோர்க்குச் சடங்கு மறுக்கும் விதி இடம்பெறவில்லை. கடுமையான உளநோயும் பேரச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்தம் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழத்தலாகாது என்றும் 1992 ஆம் ஆண்டின் மறைக்கல்வி நூல் கற்பிக்கின்றது.

இலங்கையில் 1974 இல் ‘சுமித்ரயோ’ என்னும் அமைப்பு இத்தகைய பணியைத் தொடங்கியது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டப்பிரிவு 1998 இல் நீக்கப்பட்டது. ஆயினும் சட்டம் மன்னித்ததை அயல் இன்னும் மன்னிக்கவில்லை. காய்ச்சலுற்றவன் வீட்டுக்குக் கஞ்சி கொண்டு செல்பவர்கள், மருத்துவமனையிலிருந்து இவ்வாறு மீண்டுவந்த ஒருவனின் படலையைத் திறக்கத் தயங்குகின்றனர், திறந்தாலும் “ஏன் செய்தாய்?” என்றே தொடங்குகின்றனர். சாப்பிட்டானா, உறங்கினானா என்று கேட்பவர் எத்தனை பேர்?