என்ஜின் இறங்கும்போதே கிளட்சையும் பார்த்துவிடுங்கள்

1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் மாஸ்டா நிறுவனம் இரண்டே இருக்கைகள் கொண்ட ஒரு திறந்த காரை அறிமுகப்படுத்தியது. எம்எக்ஸ்-5 என்பது அதன் பெயர்; அமெரிக்கர்களுக்கு அது மியாட்டா. 2016-ல் அதன் பத்து லட்சமாவது கார் தயாரானது. முதலில் வந்தவற்றுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. ஆனாலும் உடையவர்கள் அவற்றைக் கழித்துக்கட்டுவதில்லை. என்ஜின் தேய்ந்தால் வேறு என்ஜினைத் தூக்கி வைக்கிறார்கள்.

ஆரம்ப கார்களில் இருந்தது 1.6 லிட்டர் என்ஜின். அமெரிக்க மாடலில் 116 குதிரைத்திறன். முதல் ஓரிரு ஆண்டு என்ஜின்களில் ஒரு கோளாறும் உண்டு: கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனையில் புல்லியைப் பிடித்திருக்கும் இடம் தேய்ந்து, புல்லி ஆட ஆரம்பிக்கும். 1994 மாடலில் 128 குதிரைத்திறன் கொண்ட 1.8 லிட்டர் என்ஜின் வந்தது. இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் பழைய காரில் புதியதை உட்கார வைப்பது பெரிய வித்தை இல்லை. (நம் ஊரில் ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் என்ஜினை மாற்ற முடியாது என்பதை நினைவில் வைக்கவும்.)

இந்த இடத்தில்தான் கிளட்ச் வருகிறது.

என்ஜினின் பின்பக்கம் சுழலும் கனமான சக்கரம் பிளைவீல். அதன்மேல் கிளட்ச் பிளேட்; அதை அழுத்திப் பிடிக்க பிரஷர் பிளேட். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களைத் தள்ள, பிடி விட்டுவிடும். என்ஜின் சுற்றும், கியர்பாக்ஸுக்குச் சக்தி போகாது. இத்தனையும் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஒளிந்திருக்கின்றன. கிளட்ச் பிளேட்டை மட்டும் மாற்ற வேண்டுமானாலும் கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். பெரும்பாலான கார்களில் கூலிதான் கனம். என்ஜினை மாற்றும்போதோ அந்தக் கூலி ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. அப்போதும் பழைய பிளேட்டையே திரும்பப் பூட்டுகிறவரைச் சிக்கனக்காரர் என்று சொல்ல மனம் வரவில்லை.

எந்த கிளட்ச் போடுவது? 1.6 என்ஜினின் பிளேட் 200 மில்லிமீட்டர் விட்டம், 1.8-க்கு 215. பெரிய என்ஜினின் இழுவையைச் சின்ன பிளேட்டிடம் கொடுத்தால், ஏற்றத்தில் முழு வேகம் கேட்கும்போது என்ஜின் உறுமும், கார் நகராது. மெக்கானிக் பாஷையில் 'கிளட்ச் ஸ்லிப்'. நல்ல வேளையாக இரண்டு பிளேட்டின் நடுப்பற்களும் ஒன்றே. ஆகவே 1.8-க்குரிய பிளைவீலும் 215 மி.மீ. கிளட்ச் செட்டும் பழைய கியர்பாக்ஸோடு அப்படியே பொருந்திவிடும். பிளைவீலை விட்டுவிட்டு கிளட்ச் செட்டை மட்டும் வாங்கினால் பிரஷர் பிளேட்டின் போல்ட் துளைகள் சேராது.

பழைய பிளேட்டைக் கையில் எடுத்ததும் ரிவெட் தலையைப் பாருங்கள். அதற்கு மேலே உராயும் பொருள் 0.3 மி.மீ.கூட இல்லையென்றால் கதை முடிந்தது. எண்ணெய்க் கறை தெரிந்தால் குற்றவாளி பெரும்பாலும் கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல். அதை விட்டுவிட்டுப் புது பிளேட் போட்டால், அதையும் எண்ணெய் தின்றுவிடும்.

பிளைவீலின் நடுவே ஒரு குட்டி பேரிங் இருக்கிறது. பைலட் பேரிங் என்பார்கள். கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் நுனி அதில்தான் உட்காரும். கொக்கி போட்டு இழுக்கப் பின்னால் இடம் இல்லை. அதனால் துளைக்குள் கிரீஸையோ, நனைத்த ரொட்டித் துண்டையோ அடைத்து, அளவாக ஒரு கம்பியை வைத்துச் சுத்தியால் தட்டுவார்கள். உள்ளே போக வழியில்லாத ரொட்டி பேரிங்கைப் பின்னாலிருந்து தள்ளி வெளியே கொண்டுவந்துவிடும். பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும், பட்டறைகளில் நன்றாகவே வேலை செய்யும் முறை இது.

பூட்டும்போது பிளேட் சரியாக நடுவில் இருக்க வேண்டும். அதற்கென்றே கிளட்ச் செட்டோடு ஒரு பிளாஸ்டிக் குச்சி தருகிறார்கள். பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஷாஃப்ட் பற்களில் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும். மிஞ்சியது சுழற்சியில் தெறித்து பிளேட்டில் ஒட்டும். கியர்பாக்ஸைச் சேர்க்கையில் ஜாக்கியை நழுவவிட்டு அதன் பாரத்தைப் பிளேட்டின் நடுவில் தொங்கவிட்டால் பிளேட் வளையும். அப்புறம் பெடலை எவ்வளவு மிதித்தாலும் கியர் கரகரவென்றுதான் விழும்.

வேலை முடிந்த பிறகும் பெடல் மெத்தென்று அமுங்கினால் பதற வேண்டாம். மியாட்டாவில் அடிக்கடி ஒழுகுவது ஸ்லேவ் சிலிண்டர். அது கியர்பாக்ஸின் வெளிப்பக்கம் பூட்டியிருக்கிறது. அதை மட்டும் என்றைக்கு வேண்டுமானாலும், எதையும் இறக்காமல் மாற்றிக்கொள்ளலாம்.