சிறுநீர்க் கசிவுக்கு மின்தூண்டல் சிகிச்சை... யாருக்குப் பலன் தரும், யாருக்குக் கூடாது?

இருமினாலோ, தும்மினாலோ, தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலோ சிறுநீர் கசிந்துவிடுகிறது. இதை வீட்டில்கூடச் சொல்ல முடியாமல் கல்யாணம், கோயில், பஸ் பயணம் என எல்லாவற்றையும் தவிர்க்கும் பெண்கள் ஏராளம். இதற்கான சிகிச்சைகளில் ஒன்றுதான் மின்தூண்டல். லேசான மின்சாரத்தைச் செலுத்தி இடுப்புத்தளத் தசைகளையோ, சிறுநீர்ப்பையைக் கட்டுப்படுத்தும் நரம்புகளையோ தூண்டுவார்கள். ஆனால், இது எல்லோருக்கும் ஏற்றதல்ல.

எந்த வகைக் கசிவு?

இருமும்போதும் சிரிக்கும்போதும் கசிந்தால், அது அழுத்தக் கசிவு. திடீரென முட்டிக்கொண்டு வந்து, பாத்ரூம் போவதற்குள் கசிந்தால், அது அவசரக் கசிவு. சிலருக்கு இரண்டும் இருக்கும். சிறுநீர்த் தொற்றும் கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும்கூட இந்தத் தொந்தரவைத் தரலாம். அதனால் முதலில் பரிசோதனைகள் அவசியம். எத்தனை முறை போகிறீர்கள், எப்போது கசிகிறது என்று மூன்று நாள்கள் குறித்து எடுத்துச் செல்லுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி.

யாருக்குப் பலன்?

அழுத்தக் கசிவுக்கு முதல் சிகிச்சை, குறைந்தது மூன்று மாதங்கள் செய்யும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சிதான். தசையைச் சுருக்கச் சொன்னால், எதைச் சுருக்குவது என்றே சிலருக்குப் பிடிபடாது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு மின்தூண்டலைப் பரிசீலிக்கச் சொல்வது இவர்களுக்குத்தான். எல்லோருக்கும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது.

அவசரக் கசிவில் பயிற்சியும் மருந்தும் கைகொடுக்காதவர்களுக்குக் கணுக்கால் அருகே மெல்லிய ஊசி மூலம் நரம்பைத் தூண்டும் முறை உண்டு. வாரம் ஒருமுறை, 30 நிமிடங்கள், 12 வாரங்கள். தொடர்ந்து வர முடியுமா என்பதையும் யோசிக்க வேண்டும். அதிலும் குறையாவிட்டால், முதுகின் கீழ்ப்பகுதியில் கருவி பொருத்தும் வழி இருக்கிறது. முதலில் தற்காலிகமாகப் பொருத்தி, தொந்தரவு பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரக் கருவி.

யாருக்குக் கூடாது?

* கர்ப்பிணிகள்
* பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள்
* பிறப்புறுப்பில் அல்லது சிறுநீர்ப்பாதையில் தொற்று உள்ளவர்கள்
* காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள்
* இடுப்புப் பகுதியில் புற்றுநோய் உள்ளவர்கள்
* அந்தப் பகுதியில் உணர்ச்சியே இல்லாதவர்கள்

ஆன்லைனில் விற்கும் மெஷினை வாங்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள்: 'எனக்கு எந்த வகைக் கசிவு? என் தசை சுருங்குகிறதா? பயிற்சியிலேயே சரியாகுமா?' பதில் தெரிந்தபிறகு மெஷினைப் பற்றி யோசிக்கலாம். வயதானால் இப்படித்தான் என்று சகித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.