கதிர்வீச்சை அளக்கும் கருவிகள்

நெருப்பருகே சென்றால் சுடுகிறது. மின்கம்பியைத் தொட்டால் கை உதறுகிறது. ஆனால் எக்ஸ் கதிரோ காமா கதிரோ உடலை ஊடுருவும்போது ஐம்புலன்களில் ஒன்றுக்கும் அது தெரிவதில்லை. அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பெயர்த்து அதை அயனியாக்கும் ஆற்றல் இக்கதிர்களுக்கு உண்டு. உயிரணுக்களுக்குக் கேடு செய்வதும் இதுவே. கருவிகளுக்குத் தடயமாவதும் இதுவே. மருத்துவமனையின் எக்ஸ் கதிர்க்கூடத்திலும் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் பணிபுரிவோர் இக்கருவிகளை நம்பியே இருக்கின்றனர். எந்தக் கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைச் சற்றே காண்போம்.

பேருந்து ஓட்டுநரின் முன்னால் ஒரு முள் அந்தக் கணத்து வேகத்தைக் காட்டுகிறது. அதனருகே உள்ள எண்கள் வண்டி இதுவரை ஓடிய தொலைவைக் காட்டுகின்றன. கதிர்வீச்சுக் கருவிகளும் இவ்வாறே இருவகைப்படும். ‘இவ்விடத்தில் இப்போது எவ்வளவு?’ என்ற கேள்விக்கு விடை தருவது ஒருவகை. ‘இவர் இதுவரை எவ்வளவு பெற்றார்?’ என்பதற்கு விடை தருவது மற்றொன்று.

மார்பில் அணியும் பேட்ஜுகள் இரண்டாம் வகை. பழைய பிலிம் பேட்ஜில், ஒளி புகாத உறைக்குள் சிறு புகைப்படப் பிலிம் இருக்கும். பட்ட கதிரின் அளவுக்கேற்பக் கழுவியபின் அது கறுக்கும். செம்பு, காரீயம் முதலிய தகடுகளின் மறைவில் எவ்வளவு கறுத்தது என்பதைக் கொண்டு எவ்வகைக் கதிர் என்றும் ஊகிக்கலாம். பிலிமை ஆவணமாகப் பாதுகாத்தும் வைக்கலாம். ஆயின் வெப்பமும் ஈரமும் அதற்குப் பகை. நம் சித்திரை வெயிலும் ஐப்பசி ஈரமும் கதிரின் உதவியின்றியே அதைக் கெடுக்க வல்லவை!

இந்தியாவில் 1970-களில் அதன் இடத்தை டி.எல்.டி. பேட்ஜ் பிடித்தது. பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய இதில், டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட்டால் ஆன மூன்று சிறு வில்லைகள் உள்ளன. கதிர் பெயர்த்த எலெக்ட்ரான்கள் படிகத்தின் குறைகளில் சிக்கிக் கிடக்கும். ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினால் அவை விடுபட்டு ஒளியை உமிழும். ஒளி எவ்வளவோ அவ்வளவு கதிர். வில்லையை மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் படித்தவுடன் பழைய பதிவு அழிந்துவிடும். மருத்துவமனைகளில் பொதுவாக மூன்று மாதத்திற்கொரு முறைதான் இதனைப் படிக்க அனுப்புகின்றனர். ஆகவே இது நடந்ததைச் சொல்லுமேயன்றி, நடக்கும்போது எச்சரிக்காது.

அக்குறையைப் பேனா போன்ற குவார்ட்ஸ் இழைக் கருவி ஓரளவு தீர்த்தது. மின்னூட்டிய நுண்ணிய இழை, கதிர் படப்பட மின்னூட்டம் இழந்து நகரும். வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பார்த்தால் அளவு தெரியும். கீழே போட்டால் கதிரே இல்லாமலும் இழை நகர்ந்துவிடும் என்பதுதான் தொல்லை. இன்று சிலிக்கன் கொண்ட மின்னணுக் கருவி அவ்வேலையைச் செய்கிறது. மொத்தத்தையும் வீதத்தையும் எண்ணாகக் காட்டி, வரம்பு மீறினால் ஒலியும் எழுப்பும்.

வீதத்தை அளப்பவற்றுள் கெய்கர்–முல்லர் எண்ணி (1928) புகழ்பெற்றது. குழாய்க்குள் நுழைந்து அயனியாக்கும் கதிர் ஒவ்வொன்றும் ஒரு ‘டிக்’. ஆனால் ஒரு துடிப்புக்குப்பின் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு விநாடி அது செயலற்றிருக்கும். கதிர் மிகக் கடுமையான இடத்தில் சில கருவிகள் இதனாலேயே குறைவாகக் காட்டும், மௌனமாகவும் ஆகலாம். இதைவிட அபாயமான பொய் வேறென்ன இருக்கிறது? அத்தகைய இடத்திற்கு அயனிக் கலமே ஏற்றது. சிண்டிலேஷன் எண்ணியோ மிக நுண்ணுணர்வு உடையது; தேடுவதற்குச் சிறந்தது; கடுமையை அளக்க அன்று.

1987 செப்டம்பரில் பிரேசில் நாட்டின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவக் கருவியின் சீசியம்-137 பழைய இரும்புக் கடைக்குப் போய், பலர் கைக்கு மாறியது. ஐயத்தின் பேரில் அழைக்கப்பட்ட ஓர் இயற்பியலாளர், நிலவியல் அளவீட்டிற்கான சிண்டிலேஷன் எண்ணியை இரவல் வாங்கி வந்தார். இடத்தை அடையுமுன்பே, எப்பக்கம் திருப்பினாலும் முள் எல்லையில் முட்டி நின்றது. கருவி பழுது எனக் கருதித் திரும்பிச் சென்று வேறொன்று கொணர்ந்தார். அதுவும் முட்டியது! பழுது கருவியில் இல்லை. அதை ஆற்றில் எறிய இருந்த தீயணைப்பு வீரர்களை அவர் உரிய வேளையில் தடுத்தார். எனினும் நால்வர் உயிரிழந்தனர்.

ஓராண்டு முன்னர், 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில் இதே நிலை வேறுவிதமாகப் புரிந்துகொள்ளப்பட்டது. கையிலிருந்த கருவிகளில் பெரும்பாலானவை மணிக்கு 3.6 ராண்ட்ஜனுக்கு மேல் காட்ட இயலாதவை. முள் எல்லையில் நின்றது, ‘3.6’ என்றே மேலிடத்திற்குச் செய்தி போயிற்று. உண்மையில் சில இடங்களில் அது மணிக்குப் பல்லாயிரம் ராண்ட்ஜன். கருவியின் உச்சவரம்பை அளவீடாகக் கொண்டதன் விளைவு அது.

கருவி சரியாக இருந்தும் போதாமல் போவதுண்டு. 2011 மார்ச் 24 அன்று ஃபுகுஷிமாவில் மூன்று தொழிலாளர் அடித்தளத்தில் தேங்கிய நீரில் நின்று மின்கம்பி பதித்தனர். மார்பிலிருந்த கருவி ஒலித்தும் அது பழுதென எண்ணி வேலையைத் தொடர்ந்தனர். பின்னர் பார்த்தபோது அளவு 170 மில்லிசீவர்ட்டைத் தாண்டியிருந்தது. நம் நாட்டில் பணியாளர் ஒருவருக்கு ஓராண்டில் அனுமதிக்கும் உச்சமே 30 தான். அதிலும் இருவரின் காலணிக்குள் நீர் புகுந்திருந்தது. பீட்டா கதிர் தொலைவு செல்லாது. ஆதலின் பாதம் பெற்றது மார்புக் கருவிக்குத் தெரியவில்லை. எக்ஸ் கதிரின் அருகே கைநீட்டிச் சிகிச்சை செய்யும் மருத்துவருக்கும் இதே சிக்கல்தான். காரீய மேலாடைக்குள் அணிந்த பேட்ஜ் அவரது விரல்களை அறியாது. அதற்கென்றே மோதிரம் போல் அணியும் வில்லையும் உண்டு.