வேலை போகத்தான் வேண்டுமா?

மந்தநிலை வந்தால் ஆட்குறைப்பைத் தவிர்க்கவே முடியாது என்று பலரும் நம்புகிறார்கள். 2008-09 நெருக்கடியில் அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் நடந்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்காது. 2008 செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலானபின் ஏற்றுமதியை நம்பிய ஜெர்மனிக்குத்தான் அடி பலம். 2009இல் அதன் உற்பத்தி 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. அமெரிக்காவின் சரிவு ஏறக்குறைய அதில் பாதி. ஆனால் வேலை இழப்போ தலைகீழாக இருந்தது. அமெரிக்காவில் 2007 டிசம்பரில் 5 சதவீதமாக இருந்த வேலையின்மை 2009 அக்டோபரில் 10 சதவீதமானது. ஜெர்மனியில் அதன் ஆண்டுச் சராசரி அரை சதவீதப் புள்ளிகூட ஏறவில்லை.

ஒரு முக்கியக் காரணம், ‘குர்ட்ஸ்ஆர்பைட்’ எனும் குறைநேர வேலைத் திட்டம். ஆர்டர் குறைந்த தொழிற்சாலை, சிலரை வீட்டுக்கு அனுப்புவதற்குப் பதில் பலரின் வேலைநேரத்தைக் குறைக்கும். அதனால் கைக்கு வராமல் போகும் சம்பளத்தில் 60 சதவீதத்தை, பிள்ளைகள் இருந்தால் 67 சதவீதத்தை, வேலையின்மைக் காப்பீட்டு நிதி கொடுக்கும். 2009இல் உச்சகட்டத்தில் 14 லட்சம் பேருக்கு மேல் இதில் இருந்தார்கள். நல்ல காலத்தில் கூடுதலாக உழைத்த மணிகளைக் கணக்கில் சேர்த்துவைத்து, வேலை குறையும்போது விடுப்பாகக் கழிக்கும் ஏற்பாடும் கைகொடுத்தது. சம்பளம் முழுதாக நிற்காததால் குடும்பச் செலவு நிற்கவில்லை. கடைக்காரரின் வியாபாரமும் அடியோடு படுக்கவில்லை. வேலை இழப்பு மேலும் வேலை இழப்பைக் கொண்டுவரும் சுழல் உடைவது இந்த இடத்தில்தான்.

நலிந்த நிறுவனங்களுக்கு முட்டுக்கொடுத்து, ஆட்கள் நல்ல நிறுவனங்களுக்குப் போவதைத் தடுக்கிறது என்பது இத்திட்டத்தின் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. ஆண்டுக்கணக்கில் நீடித்தால் அது நியாயமே. ஆனால் மந்தநிலையின் நடுவே போவதற்கு அந்த நல்ல நிறுவனம் எங்கே இருக்கிறது? 2010இல் அமெரிக்காவில் வேலையற்றவர்களில் 10க்கு 4 பேருக்கு மேல் ஆறு மாதம் தாண்டியும் வேலை கிடைக்காதவர்கள். அவ்வளவு காலம் சும்மா இருந்தவரின் கைப்பழக்கம் குறைகிறது, கூப்பிடும் முதலாளியும் தயங்குகிறார். அரசுக்குச் செலவு என்ற வாதமும் முழுமையானதல்ல. அமெரிக்காவும் நெருக்கடி உச்சத்தில் 99 வாரங்கள் வரை வேலையின்மை உதவித்தொகை கொடுத்தது. இரண்டு அரசுகளுமே பணம் செலவழித்தன; ஒன்று வேலை போகுமுன், மற்றொன்று போனபின். ஜெர்மன் திட்டத்தின் உண்மையான குறை வேறு: நிரந்தரத் தொழிலாளரைக் காத்த அளவுக்கு ஏஜென்சி மூலம் வந்த தற்காலிகத் தொழிலாளரை அது காக்கவில்லை. அவர்களைத்தான் முதலில் அனுப்பினார்கள்.

அமெரிக்காவில் மந்தநிலை 2009 ஜூனிலேயே முடிந்தது என்று பொருளாதார அறிஞர்கள் பின்னர் கணித்தார்கள். வேலையின்மை உச்சம் தொட்டது அதற்கும் நான்கு மாதம் கழித்து. அது 5 சதவீதத்துக்கு இறங்க 2015 கடைசி ஆயிற்று. அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் ஜெர்மனியைப் போன்ற திட்டம் முன்பே இருந்தது. நிறுவனங்கள் அதை அரிதாகவே நாடின. அதை விரிவாக்க மத்திய அரசு நிதி கொடுக்கும் சட்டம் 2012இல்தான் வந்தது. காக்க வேண்டிய வேலைகள் அதற்குள் போய்விட்டன.