பழைய ஒலிபெருக்கிப் பெட்டிக்கு மறுவாழ்வு

அமரவிளை என்றதும் எல்லைக்கு இருபுறமும் உள்ளவர்களுக்குச் சோதனைச் சாவடிதான் நினைவுக்கு வரும். திருவனந்தபுரம் - நாகர்கோவில் சாலையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே இருக்கிறது இவ்வூர். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்தாலும் திருவிழாக்கள் பிரியவில்லை. கோயில் உற்சவம், தேவாலயப் பெருநாள், கல்யாண வீடு என்று மைக் செட் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்துகொண்டே இருக்கிறது.

அப்படிப் போய் வரும் பெட்டிகளின் கோலத்தைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். மூலைகள் உடைந்திருக்கும். ரெக்சின் கிழிந்து தொங்கும். அடிப்பலகை ஈரம் குடித்து ஊதியிருக்கும். வீட்டில் இருக்கும் பழைய ரேடியோகிராம், ஸ்டீரியோ பெட்டிகளின் கதியும் இதுவே. இந்த வட்டாரத்தில் ஆனி, ஆடியில் ஒரு மழை. ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. ஆண்டுக்கு இரண்டு முறை நனையும் காற்றில் மரத்தூள் பலகை எத்தனை நாள் தாங்கும்?

பெட்டியின் முகம் கெட்டதும் பலர் அதை ஆக்ரிக் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். உள்ளே நல்ல நிலையில் இருக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்து போய்விடுகிறது. கொஞ்சம் பொறுமையும் தச்சுக் கருவிகள் நாலைந்தும் இருந்தால், அந்தப் பெட்டியை இன்னும் பல ஆண்டு உழைக்க வைக்கலாம்.

பெட்டி எதற்கு?

இன்று நாம் காணும் சுருள் வகை ஒலிபெருக்கியை 1925-ல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் உருவாக்கிக் காட்டினார்கள். அதன் காகிதக் கூம்பு முன்னும் பின்னும் அசையும்போது இரு பக்கமும் ஒலி கிளம்புகிறது. முன் ஒலியும் பின் ஒலியும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இரண்டும் கலந்தால் தவில், மிருதங்கம் போன்ற கனத்த ஒலி அடிபட்டுப் போகும். பின் ஒலியைத் தடுத்து நிறுத்துவதே பெட்டியின் வேலை. ஆகவே பலகை இணைப்பு விட்டுப்போனாலோ, காற்று கசிந்தாலோ அழகு மட்டுமல்ல, பாட்டும் கெடும். 'கரகர' என்று அதிரும் பெட்டிகளில் பலவற்றுக்கு நோய் ஸ்பீக்கரில் இல்லை, ஆடும் பலகையில்தான்.

முதலில் சோதனை

விரல் முட்டியால் எல்லாப் பக்கமும் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் பொத்தென்றோ, அதிர்ந்தோ கேட்டால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் பலகையை மாற்ற வேண்டும். கூம்பின் விளிம்பில் ஸ்பாஞ்சு இருந்தால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பழைய ஸ்பாஞ்சு பதினைந்து, இருபது ஆண்டில் பொடியாகிவிடும். அதைச் சரி செய்யாமல் பெட்டிக்கு மட்டும் மெருகு போடுவது வீண் செலவு.

பழைய பெட்டி வாங்குகிறவர்களுக்கும் இந்தச் சோதனை பயன்படும். ஊதிய பலகையின் மேல் கறுப்பு வண்ணம் அடித்துப் புதிது போல விற்பதுண்டு. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குகிறவர், முன்பக்கத்தைப் பார்த்து மயங்காமல் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

கழற்றும் முறை

மின் இணைப்பைத் துண்டித்த பிறகே கை வைக்க வேண்டும். ஸ்பீக்கரைக் கழற்றுமுன் எந்தக் கம்பி எந்த முனையில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பெட்டிகளில் ஒன்றில் கம்பி மாறினால், ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். கனத்த ஒலி காணாமல் போகும். சந்தேகம் வந்தால் ஒன்றரை வோல்ட் டார்ச் செல்லை ஒரு கணம் தொடுங்கள். செல்லின் கூட்டல் முனை ஸ்பீக்கரின் கூட்டல் முனையில் படும்போது கூம்பு முன்னே தள்ள வேண்டும்.

ஸ்பீக்கரைத் துணியில் சுற்றி வேறு அறையில் வைத்துவிட்டு மர வேலையைத் தொடங்க வேண்டும். அதன் பின்னால் இருப்பது காந்தம். இரும்புத் தூள் ஏறிவிட்டால் எடுப்பது கடினம். அதனால் இரும்பு நாரால் தேய்க்கும் வேலையை ஸ்பீக்கர் பக்கத்தில் செய்யவே கூடாது.

மூலையும் அடியும்

ஊதிய மரத்தூள் பலகை பழைய அளவுக்குத் தானாகச் சுருங்காது. நன்றாக உலரவிட்டு, நீர் கலந்த மரப் பசையை ஊறவிட்டு, இருபுறமும் பலகை வைத்துக் கிளாம்பால் இறுக்கலாம். மழை நாளில் பசை மெதுவாகக் காயும் என்பதால் இரண்டு நாளாவது அப்படியே விடவும். உதிரும் நிலையில் இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள பிளைவுட்டை வைப்பதே மேல். பெட்டியின் உள்ளளவு மாறக்கூடாது. காற்றுக் குழாய் உள்ள பெட்டி என்றால் அந்தத் துளையை அடைக்கக்கூடாது.

உடைந்த மூலைக்கு மெல்லிய மரத்தூளும் பசையும் குழைத்த பட்டி போதும். மூலை பெரிதாக உடைந்திருந்தால் உளியால் சதுரமாக வெட்டி, மரத்துண்டு பதித்து, பிறகு இழைக்க வேண்டும். திருகாணித் துளை தளர்ந்திருந்தால் பசையில் தோய்த்த மூங்கில் குச்சியை அடித்து, காய்ந்தபின் மீண்டும் திருகலாம். கைப்பிடித் திருகுகளை மட்டும் இப்படி விடாதீர்கள். கனத்த பெட்டி ஆள் தலைக்கு மேல் தூக்கப்படும்போது பாரம் முழுவதும் அங்கேதான் விழுகிறது. அங்கு போல்ட்டும் நட்டும் போடுவதே பாதுகாப்பு.

மேலே ஒட்டிய மெல்லிய தேக்கு வினீர் எழும்பியிருந்தால் கிழித்துவிட வேண்டாம். பழைய பெட்டிகளில் வஜ்ரப் பசை இருக்கும். அது சூட்டில் இளகும். துணியை மேலே போட்டு மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டி, உடனே கனமான பொருளை வைத்து அழுத்தினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

மெருகு

உப்புத்தாளில் 120-ல் தொடங்கி, 180, 240 என்று ஏறி, 320-ல் முடிக்கலாம். மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். வினீர் காகிதம் போல மெல்லியது; 120-ஐ அதில் தொடவே வேண்டாம். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பெட்டிக்கு அரக்கு பாலீஷே அழகு. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் சுமார் 200 கிராம் அவலரக்கை இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்ட வேண்டும். பஞ்சைத் துணியில் பொதிந்து, அதில் தொட்டு, மெல்லிய பூச்சாகப் பலமுறை போட வேண்டும். பக்கத்தில் பீடியோ அடுப்போ இருக்கக்கூடாது. அரக்கு நம் நாட்டுச் சரக்கு. அதற்கென்றே 1924-ல் ராஞ்சி அருகே நாம்குமில் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. ஆனால் தண்ணீருக்கும் சூட்டுக்கும் அரக்கு தாங்காது. லாரியில் ஏறி இறங்கும் வாடகைப் பெட்டிக்கு ரெக்சினோ, சொரசொரப்பான கெட்டி வண்ணமோதான் ஏற்றது. மூலைகளில் இரும்புத் தொப்பி அடித்தால் அடி தாங்கும்.

முன்பக்கத் துணியை மாற்றும்போது வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். காற்று தடையின்றிப் போனால் ஒலியும் போகும். கெட்டியான திரைத்துணியைப் போட்டால் பாட்டு போர்வைக்குள் பாடியது போல இருக்கும்.

காலம் பார்த்துச் செய்க

மைக் செட்காரர்களுக்கு ஓய்வு கிடைப்பது ஆடி மாதத்தில். மலையாளிகளுக்கு அது கர்க்கடகம். கல்யாணமும் இல்லை, உற்சவமும் குறைவு. ஆனால் ஈரக்காற்றில் அரக்கு பாலீஷ் போட்டால் வெள்ளை படர்ந்து மங்கிவிடும். எனவே கழற்றுவது, வெட்டுவது, ஒட்டுவது ஆகிய வேலைகளை ஆடியில் முடித்துக்கொண்டு, மெருகை ஆவணி வெயிலுக்கு ஒத்திவைப்பதே நல்லது. துலாமழை வருமுன் பெட்டி காய்ந்து தயாராக வேண்டும். கார்த்திகை பிறந்து மண்டல காலம் தொடங்கிவிட்டால் பிறகு நேரம் கிடைக்காது.

வாடகைக்கு விடுகிறவருக்கு இது பிழைப்பு விஷயம். விழாக் கமிட்டிக்காரர்கள் ஒலியைக் கேட்பதற்கு முன் பெட்டியைத்தான் பார்க்கிறார்கள். கிழிந்த பெட்டியைக் கண்டால் வாடகையைக் குறைக்கிறார்கள், அல்லது அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். கடன் வாங்கிப் புதுப் பெட்டி எடுப்பதற்கு முன், இருப்பதைச் செப்பனிட முடியுமா என்று ஒரு தடவை தட்டிப் பார்ப்பது நஷ்டமல்ல. தச்சு வேலை தெரிந்து, வேலையில்லாத நாட்களைக் கழிக்கும் தமிழ்த் தொழிலாளர்களுக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. ஆண்டுதோறும் மழை பெய்யும், பெட்டிகளும் ஊதும்.