கூடு விட்டிறங்கிய பிஞ்ச் குருவிக் குஞ்சுகளைப் பேணும் முறை

யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடுகளின் விறாந்தைகளிற் கூண்டு வைத்துப் பிஞ்ச் குருவி வளர்ப்போர், முட்டை பொரிக்கும் வரையிலும், குஞ்சுகள் கூட்டினுட் கிடக்கும் வரையிலும் மிகுந்த கவனஞ் செலுத்துவர். குஞ்சு இறகு முளைத்து வெளியே வந்ததும், இனிக் கவலையில்லையெனத் தளர்ந்துவிடுவர். ஆனால், குஞ்சுகளுக்கு ஆபத்து மிகுந்த காலம் அப்போதே தொடங்குகின்றது. பறக்கத் தெரிந்த குஞ்சு, தானே உண்ணத் தெரிந்த குஞ்சு ஆகாது. வளர்ப்போர் முதலில் உணரவேண்டியது இதுவேயாம்.

குருவியின் இயல்பு

வீடுகளில் வளர்க்கப்படும் பிஞ்ச் வகைகளுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று, அவுஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட சீப்ரா பிஞ்ச். மற்றையது பெங்கலீஸ் பிஞ்ச். இதன் மூதாதை, முதுகின் அடியில் வெண்மையுள்ள சில்லைக் குருவியாகும். அச்சில்லை இலங்கையிலும் வாழ்வது. சீனத்திலிருந்து யப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 18ஆம் நூற்றாண்டு தொடக்கம் அங்கு கூண்டுப் பறவையாகப் பழக்கப்பட்டது. எனவே, நம் வயல்களில் நெற்கதிரை நாடிவரும் சில்லைகளும் இக்கூண்டுக் குருவிகளும் ஒரே குடும்பத்தினவாம்.

சீப்ரா பிஞ்ச் முட்டைகள் 12 முதல் 14 நாள்களிற் பொரிக்கும். குஞ்சுகள் பொரித்து 18 முதல் 21 நாள்களிற் கூட்டை விட்டிறங்கும். அதன் பின்னரும் இரண்டு, மூன்று வாரங்களுக்குத் தாயும் தந்தையுமே இரை ஊட்டும். ஏறக்குறைய 35 நாள் நிறைந்த பின்னரே பெரும்பாலான குஞ்சுகள் தாமாகவே விதையை உமி நீக்கி உண்ணும். வளர்ந்த குருவியின் நிறையே ஏறக்குறைய 12 கிராம்தான். இத்துணைச் சிறிய உடலிற் சேமிப்பு மிகக் குறைவாதலால், ஒரு பகற்பொழுது இரையின்றி இருப்பினும் குஞ்சு சோர்ந்து இறக்கக்கூடும்.

பிரிக்கத்தக்க காலம்

குஞ்சுகளை முன்னதாகப் பிரித்து விற்பதும் வாங்குவதும் பெருந் தவறாகும். அவ்வாறு பிரிக்கப்பட்ட குஞ்சு, நிறைந்த தினைக் கிண்ணத்தின் மேல் அமர்ந்துகொண்டே வாயைத் திறந்து இரைக்காகக் கத்தும்; அத்தினை உணவென்பதை அது அறியாது. வழமையான நிறமுடைய சீப்ரா பிஞ்ச் குஞ்சின் அலகு கருமையாக இருக்கும். அக்கருமை மாறிச் செம்மஞ்சள் நிறம் படரும் வரை அதனைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கலாகாது. நிறத்தோடு, குஞ்சு தானே விதை கொறிப்பதையும் இரண்டு, மூன்று நாள் கண்டு உறுதி செய்க.

ஆண் குஞ்சு தன் பாட்டைத் தந்தையிடமிருந்தே கற்கின்றது. பொரித்த 25ஆம் நாள் முதல் 65ஆம் நாள் வரை அது கேட்கும் பாட்டே அதற்குப் பாடமாகும். ஆதலால், இடமிருப்பின் இரண்டு மாதம் வரை தந்தையின் குரல் கேட்குமிடத்தில் அதனை வைத்திருத்தல் நன்று.

தாய்க்குருவி மீண்டும் முட்டையிட முற்படுங்கால், தந்தை சில வேளை குஞ்சுகளைக் கொத்தி இறகு பிடுங்கும். அப்போது கம்பிவலைத் தடுப்பொன்றைக் கூண்டின் நடுவே இட்டு, வலையினூடே இரை ஊட்ட இயலுமாறு செய்க.

கூண்டும் தண்ணீரும்

குஞ்சுகள் முதல் வாரத்தில் இரவுதோறும் கூட்டிற்குத் திரும்பி உறங்குமாதலால் கூட்டை உடனே அகற்றவேண்டாம். தரையிலிருந்து 10 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு குச்சியைப் பொருத்துக. பூவரசங் குச்சி ஏற்றது. அலரி நஞ்சுடையதாகையால் ஆகாது. மாலையிற் குஞ்சு நிலத்திற் கிடந்தால் கையால் எடுத்துக் கூட்டில் விடலாம். மனிதர் தொட்டமையால் தாய் அதனைத் தள்ளிவிடாது. தண்ணீர்க் கிண்ணம் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் ஆழமாயிருப்பின் குஞ்சு அமிழ்ந்து இறக்கக்கூடும். அதனுட் சில கூழாங்கற்களை இடுக.

எறும்பு ஏறாதிருக்கக் கூண்டின் கால்களைத் தண்ணீர்ப் பேணிகளில் நிறுத்துக. நுளம்பு பெருகி டெங்கு பரவாவண்ணம் அத்தண்ணீரை மூன்று நாளுக்கொருமுறை மாற்றுக. பூனை, காகம், சாரைப்பாம்பு ஆகியன அணுகாத இடமாகவும் அது இருத்தல் வேண்டும்.

இரை

தினையும் சாமையும் முதன்மையான இரை. இவற்றோடு, குஞ்சு எளிதிற் கொறிக்கத்தக்க ஊறிய தினையைக் காலையிற் கொடுக்க. தினையை எட்டு மணி நேரம் ஊறவைத்து, நன்கு கழுவி வடித்து வைத்து, மூன்று மணி நேரத்தின் பின் மிச்சத்தை அகற்றுக. நம் வெப்பத்தில் அது விரைவிற் புளித்துவிடும். நன்றாக அவித்து மசித்த கோழிமுட்டை ஒரு சிட்டிகை நாள்தோறும் கொடுக்கலாம். சுண்ணாம்புச் சத்துக்கு நம் கரைகளில் ஒதுங்கும் கணவாய் ஓட்டினை நன்னீரில் ஊறவைத்து உப்பகற்றி, அவித்து உலர்த்திக் கூண்டிற் கட்டுக.

பொன்னாங்காணி போன்ற கீரையும் நல்லதே. எனினும், வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களின் வரம்பிற் பறித்த கீரையைக் கொடுக்கவேண்டாம். பயிருக்குத் தெளித்த பூச்சிநாசினி காற்றில் வந்து கீரையிற் படியும். பெரியவர் உடலிற் புலப்படாத அளவும் குருவிக்கு நஞ்சாகலாம். வீட்டு முற்றத்தில் ஒரு சட்டியில் வளர்த்த கீரையே பாதுகாப்பானது.

மழையும் வெயிலும்

ஐப்பசி, கார்த்திகை மாரியில் வாடைக்காற்று ஈரத்தோடு வீசும். அக்காலத்திற் கூண்டின் மூன்று பக்கங்களைச் சாக்கினால் மறைத்து, முன்பக்கத்தைக் காற்றோட்டத்துக்காகத் திறந்துவிடுக. குஞ்சு இறகைச் சிலிர்த்து, கண்மூடி உட்கார்ந்திருந்தால் குளிரோ நோயோ உண்டென அறிக. கழுத்தின் பக்கத்தே தோலினூடு விதைகள் தெரிகின்றனவா என்று பார்க்க. அங்கு வெறுமையாயின் இரை கிடைக்கவில்லையென்பது தெளிவு. கூண்டின் ஒரு மூலைக்கு வெளியே 40 வாற்று மின்குமிழை எரியவிட்டுச் சூடு கொடுக்க. பழைய இழைக்குமிழே வேண்டும், எல்.ஈ.டி. குமிழ் போதிய சூடு தராது. மண்ணெண்ணெய் விளக்கின் புகையும் அடுப்புப் புகையும் குஞ்சின் சுவாசத்தைக் கெடுக்குமாதலால் அவற்றை விலக்குக. குஞ்சு தேறாவிடின் அருகிலுள்ள அரச கால்நடை வைத்தியரை அன்றே நாடுக.

சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் கூண்டை வைத்தலாகாது. கிடுகுக் கூரையின் நிழலே குளிர்ச்சி தரும்.

இரு எச்சரிக்கைகள்

வயலிலுள்ள சில்லைக் குஞ்சுகளைப் பிடித்துவந்து இவற்றோடு அடைக்கவேண்டாம்; அவை நோய் கொணரலாம், கூண்டில் நெடுநாள் வாழ்வதும் அரிது. அவ்வாறே, வளர்க்க இயலாத அயல்நாட்டுக் குருவிகளை வெளியே பறக்கவிடவும் வேண்டாம். அவை பெரும்பாலும் பசியால் மடியும். மடியாது பெருகின் தானியப் பயிருக்கு இன்னொரு பகையாகலாம். வளர்க்க வல்ல பிறரிடம் ஒப்படைப்பதே முறை.

குஞ்சு பொரித்த நாளை ஓர் அட்டையில் எழுதிக் கூண்டிற் கட்டித் தொங்கவிடுக. ஐந்து வாரம் நிறையும் வரை காலையும் மாலையும் குஞ்சுகளை எண்ணிப் பார்த்து, கழுத்தையும் அலகையும் கவனித்து வருவீராயின், கூட்டை விட்டிறங்கிய குஞ்சுகளிற் பெரும்பாலானவற்றை வளர்த்தெடுக்கலாம்.